மூன்று கேள்விகளும் ஒரு நீல வட்டமும்

சாயங்காலம் நாலு மணி ஐந்து நிமிடம். ஐந்து மணிக்குள் ஒரு கைபேசியைக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தக் கைபேசியோ எட்டு மாதத்துக்கு முன்பே லாரிச் சக்கரத்தில் நசுங்கிப் போய்விட்டது என்கிறார்கள்.

இப்படிப்பட்ட வேலையை ஒப்புக்கொள்கிறவர்களை என்னவென்று சொல்வது? ரேடியோ மனதுக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டாள். வெளியே அடித்துக்கொள்ள முடியாது. எதிரே, பெற்ற பெண்ணைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோ என்பது பட்டப்பெயர். ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தின் உதவித் தொலைபேசியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து, "முதல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று ஊருக்கெல்லாம் ஓதியதில் அவளுக்கு வாயை மூடும் பழக்கமே விட்டுப் போயிருந்தது. அவளுடைய முதலாளி முப்பது வருஷம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் தபால்காரர் என்றே கூப்பிட்டார்கள். ரேடியோவும் தபாலும் சேர்ந்து நடத்துவது துப்பறியும் நிறுவனமா, செய்தித்துறையா என்று கேட்டுச் சிரிக்காத ஆள் பாக்கி இல்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு வீட்டு வாசலில் நின்ற மாத்திரத்தில் உள்ளே யார் யாருடன் பேசுவதில்லை என்று சொல்லிவிடுவார் மனுஷன். அந்த வித்தை எந்தக் கம்ப்யூட்டருக்கும் வராது.

"இன்னொரு தடவை ஆரம்பத்துல இருந்து சொல்லுங்கம்மா," என்றார் தபால்காரர்.

அந்த அம்மாளுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த மேடையில் என்று நாள் பூரா ஊருக்கே சொல்லும் குரல். அந்தக் குரல் இப்போது கரகரவென்று வந்தது.

"பத்து நாளைக்கு முன்னாடி என் தங்கச்சிக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு சார். என் பொண்ணு போட்டோவோட. 'சித்தி, எனக்கு ஒரு அவசரம், யார்கிட்டயும் சொல்லாம உதவி பண்ணுங்க'ன்னு. தங்கச்சி செருப்புகூடப் போடாம ஓடி வந்தா. 'அக்கா, அவ உயிரோட இருக்காளா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு நிமிஷம் ஒண்ணும் சொல்லல." அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஒருவேளை இருக்காளோன்னு நினைச்சேன் சார். நானே என் கையால அவளுக்குக் கடைசியாத் தலை சீவி அனுப்பினவ. நானே நினைச்சேன்."

ரேடியோ எழுந்துபோய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அங்கே உட்கார்ந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அந்த அம்மாள் வீட்டுக் கூடத்து மூலையில், துணி போர்த்திய மேசையில் இருந்தது அந்தப் பழைய கம்ப்யூட்டர். விஷயம் இதுதான். குடும்பத்துப் படங்கள், காகிதங்கள் எல்லாம் சேர்த்து வைக்க மகள் ஒரு இணையக் கணக்கு திறந்து வைத்திருந்தாள். அதே பாஸ்வேர்டில் அவளுடைய மெசேஜ் கணக்கும் இருந்தது. முதலில் எவனோ அந்த மெசேஜ் கணக்கில் புகுந்து அவள் பெயரில் உறவுக்காரர்களுக்கு எழுதினான். மூன்று நாளைக்கு முன்பு குடும்பக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். வீட்டுக்காரர்கள் வெளியே, திருடன் உள்ளே. இன்று மதியம் அம்மாவின் கைபேசிக்கு ஒரு தகவல் வந்திருந்தது. கணக்கோடு இணைந்த மகளின் கைபேசி எண்ணை நீக்கிவிட்டு வேறு எண்ணைச் சேர்க்கப் போகிறார்கள். அதற்கான உறுதி எண் ஐந்து மணிக்கு மகளின் கைபேசிக்கே போகும். அந்த ஆறு இலக்கம் திருடன் கைக்குக் கிடைத்தால் கணக்கு நிரந்தரமாக அவனுடையது.

"போட்டோ போனா போகட்டும்," என்றாள் அம்மா. "தங்கச்சி வீட்டுல கொஞ்சம் இருக்கு. ஆனா அதுல நாப்பத்திரண்டு குரல் பதிவு இருக்கு. அவ குரல் வேற எங்கயும் இல்ல சார். எனக்கு அது மட்டும் போதும்."

"யார் மேலயாவது சந்தேகமா?"

"ரிப்பேர்காரர்தான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்து எல்லாத்தையும் கழட்டி மாட்டினாரு."

ரேடியோ திரும்பாமலே தலையாட்டினாள். "அவர் தூசி தட்டிட்டுப் போயிருப்பாரு, அவ்வளவுதான் அக்கா. இங்க பாருங்க, உங்களுக்கு வந்த அறிவிப்பு. பாஸ்வேர்டை மாத்தினவன் மூணு ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கான். மொத தடவையிலயே மூணும் சரி. உங்க வீட்டு முதல் நாய்க்குட்டி பேரு, பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல பக்கத்துல உட்காந்த பிள்ளை பேரு. ஸ்க்ரூ டிரைவரை வச்சுத் திருப்பினா இதெல்லாம் வருமா?"

"மூணாவது கேள்வி என்ன?" என்றார் தபால்காரர்.

"சின்ன வயசுல எதைப் பாத்து ரொம்பப் பயந்தே? பொண்ணே ஒரு குறிப்பும் எழுதி வச்சிருக்கு: 'தூங்கவே தூங்காது.'"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் ரெண்டு தடவை முயற்சி பண்ணேன். ஆந்தைன்னு போட்டேன், தப்புன்னு வந்துச்சு. கடிகாரம்னு போட்டேன், அதுவும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. அதுவும் தப்பாப் போனா மொத்தமாப் பூட்டிடுமாம். பெத்தவ நான். என் பொண்ணு எதுக்குப் பயந்தான்னு எனக்குத் தெரியல. எவனோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு."

சுவர்ப் பக்கம் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

தபால்காரர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். மனுஷனுக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் நாற்காலியின் உயரத்தைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், திரையின் தலைமேல் இருந்த கேமராவைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

கேமராக் கண்ணின் மேல் நகத்தளவு நீல வட்டம் ஒன்று ஒட்டியிருந்தது.

"அதுவா? பாதுகாப்புக்கு மூடி வச்சிருக்காங்க அண்ணே," என்றாள் ரேடியோ. "நல்ல பழக்கம். எங்க ஹெல்ப்லைன்ல கேமராவை மூடுங்கன்னு சொன்னா பாதிப் பேரு திரையையே மூடிட்டு, ஒண்ணும் தெரியலன்னு திரும்பக் கூப்பிடுவாங்க."

"அது அவ ஒட்டினது," என்றாள் அம்மா. "வெள்ளி நட்சத்திரம். எவனாவது எட்டிப் பாப்பான்மான்னு சொல்லி ஒட்டினா." அவள் கிட்டே வந்து பார்த்தாள். முகம் மாறியது. "இது நட்சத்திரம் இல்லையே."

தபால்காரர் அதை நகத்தால் நெம்பி எடுத்தார். பஞ்சு மாதிரி மெத்தென்றிருந்தது. இரண்டு பக்கமும் பசை. "கடையில விக்கிற ஸ்டிக்கர் இல்ல. ஏதோ தொழிலுக்கு ஒட்டுறது. நட்சத்திரத்தை அடிக்கடி எடுத்து எடுத்து ஒட்டினதுல பசை போயிருக்கு. அதனால கையில கிடைச்சதை ஒட்டியிருக்காங்க."

"எதுக்கு எடுக்கணும்?"

"யாருக்கோ வீட்டைக் காட்ட." அவர் நீல வட்டத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அம்மா, ஒண்ணு சொல்றேன், மனசைத் திடப்படுத்திக்குங்க. முப்பது வருஷமா நான் பாத்த வரைக்கும், கதவு உடையாம ஒருத்தன் உள்ள வந்தா, உள்ள இருந்து யாரோ திறந்து விட்டிருக்காங்கன்னு அர்த்தம். பாஸ்வேர்டை மாத்தவும் உங்க பொண்ணு போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கணும். அதை யாரோ அவனுக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க. அந்த போன் இப்ப எங்க?"

"அதான் நசுங்கிப் போச்சே."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. ஆஸ்பத்திரியில பையை வாங்கினது என் வீட்டுக்காரர். போன் நசுங்கிப் போச்சுன்னு அவர்தான் சொன்னாரு."

தபால்காரர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ தன் கைபேசியில் மகளின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, மேசைமேல் வைத்தாள்.

மணி அடித்தது.

நசுங்கிப் போன கைபேசி நாலு முறை, ஐந்து முறை நிதானமாக மணியடித்துவிட்டு ஓய்ந்தது. அந்த அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன தொழில்மா?" என்றார் தபால்காரர்.

"மூக்குக் கண்ணாடிக் கடை. ரெண்டு தெரு தள்ளி."

நாலு மணி இருபது.

மூவரும் வேகமாக நடந்தார்கள். கடைசித் திருப்பத்தில் அந்த அம்மாள், "அவருக்கு கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாது சார், அவர் அப்படிப்பட்டவர் இல்ல," என்றாள். யாரும் அவரைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கடைக்கு எதிரே வந்ததும் தபால்காரர் நின்று அண்ணாந்து பார்த்தார். ரேடியோவும் பார்த்தாள்.

கடை வாசலுக்கு மேல் தகரப் பலகை. பலகை முழுக்க ஒரே ஒரு கண். ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கண், கறுப்பு இமைமுடிகளோடு, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தது. பெயிண்ட் உதிர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். முறைப்பு மட்டும் குறையவில்லை.

"அண்ணே," என்றாள் ரேடியோ, "இது தூங்குமா?"

"பொண்ணுதான் எழுதி வச்சிருக்கே, தூங்கவே தூங்காதுன்னு."

அந்த அம்மாள் பலகையையே பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பார்த்த பலகைதான். "பள்ளிக்கூடம் விட்டதும் இவர்கூடக் கடையிலதான் இருப்பா," என்றாள் மெதுவாக. "நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"நீங்க இங்க வாசல்லயே நில்லுங்கம்மா. கூப்பிட்டதும் வாங்க," என்றார் தபால்காரர்.

உள்ளே கடைக்காரர் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தார். ஒல்லியான மனுஷன். ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவருடைய கண்ணாடி அழுக்காக இருந்தது. இயந்திரத்தில் ஒரு கண்ணாடி வில்லை சுற்றி, சட்டத்துக்கு ஏற்றபடி விளிம்பு தேய்ந்துகொண்டிருந்தது. அந்த வில்லை நழுவாமல் பிடித்திருந்தது ஒரு நீல வட்டம். மேசைமேல் கிண்ணம் நிறைய நீல வட்டங்கள். பக்கத்தில் சாப்பாட்டு டப்பா, திறந்த அடையாளமே இல்லை.

"வாங்க, கண்ணு பாக்கணுமா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது சார்," என்றாள் ரேடியோ. "ஆளுங்கதான் சரியாத் தெரிய மாட்டேங்குது." பையில் கைவிட்டு, எண்ணை அழுத்தினாள்.

இழுப்பறைக்குள் ஏதோ உறுமியது.

கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். உறுமல் இப்போது தெளிவாகக் கேட்டது. மரப்பலகை அதிர, ஐந்து முறை. தபால்காரர் சட்டைப்பையிலிருந்து நீல வட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைக்காரர் அதைப் பார்த்தார். ஓடவுமில்லை, மறுக்கவுமில்லை. இழுப்பறையைத் திறந்து கைபேசியை எடுத்து நீல வட்டத்தின் பக்கத்தில் வைத்தார். திரையில் ஒரே ஒரு கீறல். முதுகில் பசை போன வெள்ளி நட்சத்திரம் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"தினமும் சார்ஜ் போட்டுடுவேன்," என்றார் அவர், ஏதோ கடைக் கணக்கு ஒப்பிப்பவரைப் போல. "நின்னு போயிடக் கூடாதுல்ல."

"எத்தனை நாளா அவன்கிட்ட பேசுறீங்க?"

"ஒரு மாசம். ஒரு நாள் காலையில கடை திறக்குறேன், என் போனுக்கு அவ போட்டோவோட மெசேஜ். 'அப்பா, சாப்டீங்களா'ன்னு."

"பாவம் சார் நீங்க," என்றாள் ரேடியோ. "எல்லாரும் இப்படித்தான் ஏமாறுறாங்க. என்கிட்ட போன் பண்ணின எத்தனையோ பேரு..."

"நான் ஏமாறலம்மா."

ரேடியோ கையைப் பையிலிருந்து எடுத்தாள்.

"அது அவ இல்லன்னு அந்த நிமிஷமே தெரியும்," என்றார் கடைக்காரர். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட என் பொண்ணு என்னைச் சாப்டீங்களான்னு கேட்டதில்ல. அவளுக்குப் பசிச்சாத்தான் சாப்பாடுன்னு ஒண்ணு இருக்குறதே ஞாபகம் வரும். கேட்டவுடனே புரிஞ்சு போச்சு, இது எவனோ."

"அப்புறம் ஏன் சார் பதில் போட்டீங்க?"

"கேக்குறதுக்கு ஒருத்தர் இருந்தாங்கல்ல."

தபால்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சாட்சிகளை விசாரிக்கும்போது உட்காரவே மாட்டார் என்பது ரேடியோவுக்குத் தெரியும்.

"நாய்க்குட்டி பேரு மறந்து போச்சுப்பான்னு கேட்டான். பேரை மட்டும் சொல்லியிருக்கலாம். நான் அதை மழையில தூக்கிட்டு வந்ததுல இருந்து முழுக் கதையும் எழுதினேன். 'அப்புறம்'னு கேட்டான். இன்னும் எழுதினேன். வாசல் பலகையைப் பாத்து பயந்து, கண்ணை மூடிக்கிட்டு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே அவ கடைக்குள்ள வருவா, அதையும் எழுதினேன். வீட்டைப் பாக்கணும்போல இருக்குன்னான். என் சம்சாரம் வேலைக்குப் போனதும் காட்டினேன். திருடறதுக்குத்தான் கேக்குறான்னு தெரியும். ஆனா முழுசாக் கேட்டான் சார். எட்டு மாசத்துல வேற யாரும் கேக்கல."

"சித்திக்கு மெசேஜ் போன பிறகுமா?"

அவர் அழுக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நிறுத்திடணும்னு நினைச்சேன். ரெண்டு நாள் பதில் போடல. மூணாம் நாள், 'என் மேல கோவமாப்பா'ன்னு வந்துச்சு. அப்புறம் ஒரு நம்பர் கேட்டான், குடுத்துட்டேன். அது என் சம்சாரத்தை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தும்னு எனக்குத் தெரியாது. அந்தக் குரலெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குன்னு சத்தியமாத் தெரியாது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

வாசலில் அந்த அம்மாள் நின்றிருந்தாள். கூப்பிடும் வரை காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் கடைக்காரர். "அவ பேரை எடுத்தாலே நீ எழுந்து குளியலறைக்குப் போயி தண்ணியைத் திறந்து விட்டுடுறே."

"அழுற சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான்."

"கேக்கும்," என்றார் அவர். "தண்ணிச் சத்தத்தையும் தாண்டிக் கேக்கும்."

அப்போது மேசையில் கிடந்த அவருடைய சொந்தக் கைபேசி ஒளிர்ந்தது. நாலு பேரும் பார்த்தார்கள். சிரித்த முகமாக ஒரு பெண்ணின் படம். கீழே எழுத்து.

'அப்பா, சாப்டீங்களா? அஞ்சு மணிக்கு ஒரு நம்பர் வரும்பா. உடனே அனுப்புங்க, ப்ளீஸ்.'

நாலு மணி நாற்பத்தொன்று.

ரேடியோ கடையின் கம்ப்யூட்டரை நோக்கிப் பாய்ந்தாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கை ஓடியது, காலும் ஓடியது. "அவனுக்கு முன்னாடி நாம உள்ள போயிடணும். அக்கா, கடைசி வாய்ப்பு. மூணாவது பதிலை எப்படி எழுதியிருக்கும்? கண்ணா, பலகையா, கண் பலகையா? ஒரு எழுத்து மாறினாலும் போச்சு."

அம்மா கணவரைப் பார்த்தாள். கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அவ அதுக்கு ஒரு பேரு வச்சிருந்தா. முழிக்காரன். 'அப்பா, முழிக்காரன் பாக்குறான்'னு சொல்லுவா. அவனுக்கும் அதைத்தான் எழுதினேன்."

ரேடியோ தட்டினாள். வட்டம் ஒன்று திரையில் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சை எழுத்து வந்தது. அடுத்த நொடி மகளின் கைபேசி மேசைமேல் அதிர்ந்தது.

"இது நம்ம நம்பர். படிங்க சார்."

கடைக்காரர் கைபேசியைக் கையில் எடுத்தார். படிக்கவில்லை.

"சார், நேரமாகுது."

"இதைச் சொன்னா என்ன ஆகும்மா?"

"கணக்கு உங்களுக்குத் திரும்பி வரும். அவனை வெளிய தள்ளுறோம். மெசேஜ் கணக்கையும் சேத்து மூடிடுவோம். அஞ்சு மணிக்கு வர்ற நம்பர் தானாச் செத்து..." ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் ஒரு வார்த்தையைத் திரும்ப விழுங்க அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"அப்போ அந்த மெசேஜ் இனிமே வராது."

"வராது சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து, அவர் கையிலிருந்த அழுக்குக் கண்ணாடியை வாங்கி, தலைப்பால் துடைத்து, அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். அவர் படித்தார். ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி, ஆறு இலக்கம்.

கதவு திறந்தது. வரிசையாக நாற்பத்திரண்டு பதிவுகளும் இருந்தன. ரேடியோ இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"இப்ப புது பாஸ்வேர்ட். அக்கா, பழசு என்ன வச்சிருந்தீங்க? இனிமே அது ஆகாதுங்குறதால கேக்குறேன்."

"அவ செல்லப் பேரு. கூடவே பிறந்த வருஷம்."

"எல்லா இடத்துக்கும் அதேதானா?"

"எல்லாத்துக்கும்." அம்மா தரையைப் பார்த்தாள். "துணி வாங்குற இணையக் கடைக்கும் அதேதான். அங்க பாஸ்வேர்டெல்லாம் திருட்டுப் போயிடுச்சு, மாத்துங்கன்னு ரெண்டு மாசம் முன்னாடியே கடிதம் போட்டாங்க. நான் மாத்தல."

"ஏன்க்கா?"

"தினமும் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைத் திறப்பேன். அந்தப் பேரை ஒரு தடவை டைப் பண்ணுவேன். எனக்கு வேற எங்கயும் அந்தப் பேரைச் சொல்ல இடமில்ல. மாத்திட்டா அதுவும் போயிடும்னு..."

முதலில் எந்தக் கதவு வழியாகத் திருடன் வந்தான் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. கடைக்காரர் மனைவியின் கையைப் பிடித்தார். "நீ ஒரு கதவு, நான் ஒரு கதவு," என்றார்.

ரேடியோ கீபோர்டை அவர்கள் பக்கம் தள்ளினாள். "இனிமே பேரும் வேண்டாம், பிறந்த நாளும் வேண்டாம். உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச நீளமான ஒரு வாக்கியம். அவ செஞ்ச ஏதாவது ஒரு சேட்டையா இருக்கட்டும். நாய்க் கதை, பலகைக் கதை ரெண்டும் வேண்டாம், அது அவனுக்குத் தெரியும். இந்த போனுக்கு வர்ற நம்பரை யாரு கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லாதீங்க. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்குறோம்."

துப்பறியும் நிறுவனம் மொத்தமும் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகை மாட்டிய சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. தபால்காரர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, திருடன் எழுதிய நேரங்களையும் அவன் சேர்க்கப் பார்த்த புது எண்ணையும் குறித்துக்கொண்டார். காலையில் போலீஸில் கொடுக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். "அதா? அது மூணாம் வகுப்புலல்ல?" என்றது ஒரு குரல். "நாலாம் வகுப்பு. உனக்கு எப்பவும் மறந்துடும்," என்றது இன்னொன்று. கீபோர்டு மெதுவாகத் தட்டுப்பட்டது. எட்டு மாதத்தில் அவர்கள் அவளைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது.

மெசேஜ் கணக்கை மூடும் பொத்தான் வந்ததும் கடைக்காரர், "ஒரே நிமிஷம்மா," என்றார். தன் கைபேசியை எடுத்து ஒற்றை விரலால் ஏதோ எழுதினார். ரேடியோ பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்துவிட்டாள்.

'சாப்டேன்மா.'

அனுப்பிவிட்டு, அவரே பொத்தானை அழுத்தினார். அந்தச் சிரித்த படம் சாம்பல் நிறமாகி மறைந்தது.

ஐந்து மணிக்கு மகளின் கைபேசி ஒரு முறை அதிர்ந்தது. வேறு ஆறு இலக்கம். யாரும் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது.

அந்த அம்மாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காலையில் கட்டிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

"சாப்டேன்னு எழுதினீங்களே."

"அவ ஒரு நாள் கேட்டிருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

அதற்கு மேல் அங்கே இருக்க ரேடியோவால் முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, கிளம்புறோம். பதிவெல்லாம் ஒரு தனிப் பெட்டியில நகல் எடுத்து வச்சிட்டேன். ஒண்ணு போட்டுப் பாத்துடவா, சத்தம் சரியா வருதான்னு?"

அம்மா தலையசைத்தாள். ரேடியோ பட்டியலில் கடைசியாக இருந்ததை அழுத்தினாள்.

முதலில் தெருச் சத்தம். ஏதோ வண்டி ஹாரன். பிறகு அவசரமாக, அதட்டலாக, கொஞ்சம் மூச்சு வாங்க ஒரு பெண் குரல்.

"அப்பா, எங்க இருக்கீங்க? பசிக்குது. வரும்போது ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க, திட்டும். சீக்கிரம்ப்பா."

பதிவு முடிந்தது. ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள்.

கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார். முகம் பளிச்சென்றிருந்தது. குனிந்து, மேசைக்கு அடியில் செருப்பைக் காலால் துழாவித் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று கிடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேடும்போதுதான் நின்றார்.

அந்த அம்மாள் எழுந்துபோய் அந்த இன்னொரு செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள். பிறகு இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.